உருசி பார்த்த சோறு

1

இந்தக் கதை சண்முகராசா அண்ணையின் தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவர் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆசிரியர். விளம்பரம் போக மிஞ்சும் பக்கங்களை நிரப்ப வருடாவருடம் என்னிடம் ஒரு கதை கேட்பார்.

“தங்கச்சி, இந்தமுறை எங்கடை சாப்பாட்டைப் பற்றி ஒண்டு எழுதுங்கோ. வாசிக்கிற ஆக்களுக்குக் கண்ணீர் வரவேணும்.”

“மிளகாய்த்தூள் கூடினாலும் வரும் அண்ணை.”

“பகிடி விடாதேங்கோ. கடைசியிலை ஒரு வாய் சோறு வைக்கேக்கை ஊரிலை அம்மா குழைச்சுத் தந்த ஞாபகம் வருது. அப்பிடியே முடிச்சிடுங்கோ.”

முடிவு கைக்கு வந்துவிட்டது, கதைதான் இல்லை. அந்த எரிச்சலோடு தென் லண்டன் குரோய்டனில் ட்ராம் ஏறினேன். எதிர் இருக்கையில் எங்கள் பெண்மணி ஒருவர் மடியில் சோற்றுப் பார்சலை வைத்திருந்தார். இரண்டு நிறுத்தம் கழிந்ததும் றப்பர் பாண்டைக் கழற்றினார், தாளை விரித்தார், கையால் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். கறி மணம் பெட்டி முழுக்கப் பரவியது. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பிள்ளை காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தது. பெண்மணி யாரையும் பார்க்கவில்லை, வெட்கப்படவுமில்லை. எனக்குப் பசி பற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ட்ராமின் கண்ணாடியில் மழைத்துளிகள் வழிந்தன. பாலாம்பிகையின் கண்களிலும்—

(இல்லை. அன்று நல்ல வெயில். அவள் அழவுமில்லை.)

இரண்டாவது: கடைச் சோறு தின்று சீவிக்கும் நிலைமை பாலாம்பிகைக்கு வந்தது எப்படியென்றால்—

(நிலைமையாம். இந்தச் சொல்லை எனக்குள் எந்தப் பெரிய மனிதர் கொண்டுவந்து வைத்தார்?)

மூன்றாவது: பாலாம்பிகை சமைப்பதை நிறுத்திவிட்டாள்.

இது இருக்கட்டும்.

2

பாலாம்பிகை என்பது நான் வைத்த பெயர். ட்ராமில் பார்த்தவரின் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. என் பாலாம்பிகைக்கு அறுபத்தெட்டு வயது, மேற்குக் குரோய்டனில் இரண்டறை வீடு, பையில் முதியோருக்கு இலவசப் பயணம் தரும் ஃப்ரீடம் பாஸ். கணவர் சபாரத்தினம் காலமாகி இரண்டாவது ஆட்டைத் துவசம் (வருடத் திவசம்) வரப்போகிறது. மகன் சஞ்சயன் சட்டனில் குடும்பமாக இருக்கிறான். சபாரத்தினத்தின் தங்கை சிவயோகம் கிங்ஸ்பரியில் இருக்கிறாள். இவ்வளவு பேரையும் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.

ஏன் நிறுத்தினாள்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்து சில காரணங்களைத் தயாரித்தேன். கையில் வாதம் என்று எழுதினேன். அவளோ இறுகிய போத்தல் மூடியை ஒரே திருகில் திறந்து காட்டினாள். கணவர் இறந்த துக்கம் என்று எழுதினேன். துக்கப்படுகிறவள் கடையில் மூன்று கறி எடுத்த பிறகும் இன்னொரு கத்தரிக்காய்க் கறி கேட்டு வாங்குவாளா? கணவர் கெட்டவர் என்றும் ஒரு பந்தி எழுதி அழித்தேன். சபாரத்தினம் நல்ல மனிதர். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு “காணும்” என்பார், போதும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லோடு அவள் முப்பத்தெட்டு வருடம் சமைத்தாள்.

கடைசியில் அவளே ஒன்றைச் சொன்னாள், போனால் போகட்டும் என்பதைப்போல.

போன வருடம் முதலாவது ஆட்டைத் துவசம். விடியக் காலையில் தலைமுழுகிவிட்டு அடுப்படிக்குப் போனவள் அவள். படையல் சமைக்கும்போது உருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். செத்தவருக்குப் படைக்குமுன் நாக்கில் பட்டால் அது எச்சில். ஒரு துளி உப்புக்கூட நாக்கில் வைக்காமல் ஒன்பது கறி இறக்கினாள். படைத்து, பந்தி வைத்து, வந்த எல்லோரும் ஏப்பம் விட்டபிறகு அவள் உட்கார்ந்தபோது கறிச்சட்டிகள் கழுவி வைத்ததுபோல் இருந்தன. மிஞ்சியது அடிச்சோறும், கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதியும், ஒரு கரண்டி இடிச்ச சம்பலும்தான். அந்தச் சம்பல் சிவயோகம் கிங்ஸ்பரியிலிருந்து கொண்டுவந்தது. “அண்ணைக்கு நானே உரலிலை இடிச்சது” என்று படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதவள் அவள்.

பாலாம்பிகை சோற்றோடு அந்தச் சம்பலைச் சாப்பிட்டாள். மறுநாள் பெரிய சட்டிகளையெல்லாம் தேய்த்துக் கழுவித் தோழி றோஸ்மலரிடம் கொடுத்துவிட்டாள்.

(இந்த இடத்தில் என் வீட்டுக் குக்கர் கூவியது. போய் அணைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்?)

3

றோஸ்மலர் மன்னார்ப் பிள்ளை, வேதக்காரி, அதாவது கிறிஸ்தவப் பெண், மோர்டன் றோட் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். சட்டிகளை வாங்கியவள் காரணம் கேட்கவில்லை. “அப்ப மத்தியானத்துக்கு என்ன சாப்பிடுவியள் பாலாக்கா?” என்றுதான் கேட்டாள்.

“கடையிலை பாசல் எடுப்பன்.”

“எந்தக் கடை நல்லம்?”

“தெரியாது. எல்லாத்தையும் ஒருக்காப் பாப்பம்.”

அப்படித்தான் இது தொடங்கியது. இரண்டு கோப்பிக் காசுக்கு ஒரு நேரச் சோறு. குரோய்டன், ரூட்டிங், விம்பிள்டன், மிட்சம் என்று எங்கள் ஆட்கள் கடை வைத்த இடமெல்லாம் இருவரும் போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் பாலாம்பிகைக்கு மீன், இறைச்சி எந்த மச்சமுமில்லை. தவக்காலத்து வெள்ளிகளில் றோஸ்மலருக்கு இறைச்சியில்லை. அந்த நாட்களில் இரண்டு சமயமும் ஒரே மரக்கறிப் பார்சலில் சமாதானமாக இருந்தன.

அவர்களுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. பார்சலை வாங்கியவுடன் அவிழ்க்கக் கூடாது. இரண்டு நிறுத்தம் போகட்டும், அப்போதுதான் குழம்பு சோற்றுக்குள் இறங்கும். முதலில் பருப்பு, ஏனென்றால் ஆட்டிறைச்சியைக் காட்டி ஆளை ஏமாற்றலாம், பருப்பைக் காட்டி ஏமாற்ற ஏலாது. சொதிப் பையின் மூலையைக் கடித்துத் திறக்கும் வேலை றோஸ்மலருக்கு, அவளுக்குத்தான் சொந்தப் பல்.

“இந்தப் பருப்பு பள்ளிக்கூடப் பருப்பு” என்பாள் றோஸ்மலர்.

“கத்தரிக்காய் பரவாயில்லை. ஆனா பொரிச்ச எண்ணெய் நேற்றையான்.”

“சம்பலிலை மாசி கிடக்கு அக்கா. மரக்கறிப் பாசல் எண்டுதானே கேட்டனாங்கள்?”

“கேட்டால், ‘அது கருவாடு அம்மா, மீனில்லை’ எண்டுவாங்கள்.”*

(* அடிக்குறிப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: மாசி என்பது மாலைதீவிலிருந்து வரும் காய்ந்த மீன். தூளாக்கிச் சம்பலில் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். எங்கள் கடைக்காரர் பலருக்கு மாசி ஒரு வாசனைச் சாமான். மரக்கறிச் சோற்றில் அதைப் போட்டுவிட்டுக் குற்ற உணர்வே இல்லாமல் திருநீறு பூசிக்கொள்வார்கள்.)

ஒரு பார்சலில் பாலாம்பிகைக்கு எது பிடித்தது என்று நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அழகான பக்கம். அதை எடுத்துவிட்டு அவள் சொன்னதையே வைக்கிறேன்.

“இதுக்குள்ளை எல்லாம் எனக்குத்தான் றோசு. மீன்துண்டு நடுத்துண்டோ வால்துண்டோ, எனக்கெண்டு வைச்சது. ஒருத்தரும் முதலிலை எடுத்துக்கொண்டு போகேல்லை.”

4

கிங்ஸ்பரிக்கு அவள் தனியே போனாள். றோஸ்மலருக்குத் தேவாலயத்தில் அலுவல். லண்டன் பிரிட்ஜில் இறங்கி ஜூபிலி லைன் பிடித்துப் போய், பெயர்பெற்ற ஒரு கடையில் மரக்கறிப் பார்சல் வாங்கி, தெருவோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து அவிழ்த்தாள். சிவயோகத்தின் வீடு அடுத்த தெருவில் இருந்தது.

பருப்பு நல்ல பருப்பு. வாழைக்காய்ப் பிரட்டலில் மிளகு அளவாக இருந்தது. மூலையில் சின்னக் குவியலாக இடிச்ச சம்பல். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

பொரித்த கருவேப்பிலை. புளி. பின்னால் மெல்ல எழும்பிய மாசி. எல்லாம் இறங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் தங்கும் ஒரு சொட்டு இனிப்பு, யாரோ சீனி போட்டிருந்தார்கள்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். இந்தச் சம்பலை அவளுக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு முன் அடிச்சோற்றோடு தனியே உட்கார்ந்து தின்ற சம்பல் இது. அன்றைக்கு வேறு கறியே இல்லாததால் அதை மட்டுமே கவனித்துத் தின்றிருந்தாள், மறக்க வழியில்லை. உரலில் இடித்ததாம். அண்ணைக்குத் தன் கையாலாம். மரக்கறிப் படையலில், சபாரத்தினத்தின் படத்துக்கு நேர் முன்னால், மாசி போட்ட கடைச் சம்பல் கைகூப்பி வைக்கப்பட்டிருந்தது. உருசி பார்க்கக் கூடாது என்ற சட்டத்தால் படைக்குமுன் அது ஒருவருக்கும் தெரியவரவில்லை.

பாலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. வாங்கில் இருந்தபடி, சோற்றுக் கையோடு, வாய்விட்டுச் சிரித்தாள்.

(நான் கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல இடம். ஆனால் தெருவுக்கு அப்பால் ஒருவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.)

5

யார் பார்த்தது என்பது முக்கியமில்லை. கிங்ஸ்பரியில் யாராவது பார்ப்பார்கள். அன்று பின்னேரமே தொலைபேசி வந்தது.

“மச்சாள், என்ரை வீட்டுக்குக் கிட்ட வந்து, றோட்டிலை இருந்து கடைச்சோறு தின்னிறியளாம்?” அது சிவயோகம். “ஆக்கள் என்ன சொல்லுவினம்? சிவயோகம் ஒரு பிடி சோறு குடுக்காமல் அண்ணன் பெண்சாதியைத் தெருவிலை விட்டிட்டாள் எண்டுதானே?”

“உங்களிட்டை வந்தால் நீங்கள் சமைக்கவேணும். எதுக்கு உங்களுக்கு அந்தக் கரைச்சல்?”

“எனக்கென்ன கரைச்சல்? நான் இண்டைக்கும் என்ரை கையாலைதான் சமைக்கிறன்.”

பாலாம்பிகையின் நாக்கு நுனியில் சம்பல் இன்னும் இருந்தது. ஒரு சொல் போதும். அவள் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். “போனிலை சொன்னால் அவ கட் பண்ணிப்போடுவா” என்றாள்.

“சரி” என்றாள் சிவயோகம். “துவசத்துக்கு என்ன செய்யிறியள்?”

“பாசல் எடுக்கிறன்.”

சிவயோகம் குரலை உயர்த்தினாள். “நீங்கள் திண்டு திண்டு எச்சில்பண்ணின கடையளிலை வாங்கி என்ரை அண்ணைக்குப் படைக்கப் போறியளோ? விடுங்கோ. இந்தமுறை கிங்ஸ்பரியிலை நான் செய்யிறன். சஞ்சயன் இஞ்சை வந்து கற்பூரம் கொளுத்தட்டும். படத்தையும் அவனிட்டைக் குடுத்து விடுங்கோ. நீங்கள் வந்து சாப்பிட்டிட்டுப் போகலாம்.”

தன் கணவரின் துவசத்துக்கு வந்து சாப்பிட்டிட்டுப் போகலாம். இந்த வசனத்தை எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் வழக்கத்தில் மகன் எந்த வீட்டில் கற்பூரம் கொளுத்துகிறானோ அந்த வீடுதான் துவச வீடு. இந்த வருடம் அது கிங்ஸ்பரிக்குப் போனால் இனி எல்லா வருடமும் அங்கேதான். படம் போகும், சொந்தம் போகும், அவள் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருக்கும்.

அடுத்த நாள் சஞ்சயன் வந்தான். சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று பேசினான்.

“அம்மா, ஒரு நாள்தானே? ஒரே ஒரு நாள் சமையுங்கோவன். மாமி பேசாமல் இருப்பா. Please, அம்மா.”

“ஒரு நாள் சமைச்சால் ஏலும் எண்டு ஆயிடும். பிறகு ஏன் மற்ற நாள் ஏலாது எண்டு கேப்பியள்.”

“அப்பாவுக்காக.”

“அப்பா ஒரு நாளும் சமை எண்டு கேட்டதில்லை. போட்டதைத் திண்டவர். இப்பவும் போடுறதைத் தின்பார்.”

“மாமி வீட்டிலை செய்வம் எண்டால்?”

“நீ விருப்பமான இடத்துக்குப் போ தம்பி. படம் இஞ்சை இருக்கும். கற்பூரம் கொளுத்த எனக்கும் கை இருக்கு.”

சஞ்சயன் படத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், திரும்பிப் போனான். அவனைக் கோழை என்று எழுதி வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன், அவன் இரண்டு பெண்களுக்கு நடுவில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

6

இதுவரை எழுதியதைச் சண்முகராசா அண்ணைக்கு அனுப்பினேன். அது என் பிழை.

“தங்கச்சி, கதை நல்லாப் போகுது. இனி அந்த மனுசி சமைக்கவேணும். மகனுக்காக, மனம் இளகி, பழைய சட்டியை எடுத்து... அதுதான் அழகு.”

அப்படியும் எழுதிப் பார்த்தேன். நேர்மையாகவே முயன்றேன்.

முடிவு அ: விடியக் காலை. பாலாம்பிகை தலைமுழுகி அடுப்பை மூட்டினாள். பருப்பு கொதித்தது. அதன் மணத்தில் அவள் தன் தாயின்— (அவளுடைய தாய்க்குச் சமையல் வராது. ஊரறிந்த விசயம்.)

முடிவு ஆ: பந்தியின் நடுவில் பாலாம்பிகை எழுந்து, “இவ வைச்சது கடைச் சம்பல்! மாசி போட்டது!” என்று கத்தினாள். சிவயோகம் முகத்தை மூடிக்கொண்டு— (இதை எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் ஒருத்தி சமைக்காமல் இருப்பதற்கு இன்னொருத்தி களவாகக் கடையில் வாங்கியது ஒரு நியாயமா? பாலாம்பிகைக்கு நியாயமே தேவையில்லை. அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.)

முடிவு இ: சஞ்சயன் சமைத்தான். (சிரிக்காதீர்கள்.)

“இதிலை எது?” என்று சண்முகராசா அண்ணை கேட்டார்.

“ஒண்டுமில்லை.”

“அப்ப மலரிலை போடேலாது தங்கச்சி. துவசத்துக்குக் கடைச்சோறு எண்டால் விளம்பரம் தாற ஆக்களே குறை சொல்லுவினம்.”

“விளம்பரம் தாறதே சாப்பாட்டுக் கடைக்காரர்தானே அண்ணை?”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஆகவே நீங்கள் வாசிப்பது மலரில் வராத கதை.

7

துவச நாள். காலையில் விம்பிள்டன் கோயிலில் மோட்ச அருச்சனை முடித்துவிட்டு பாலாம்பிகையும் றோஸ்மலரும் கடைகடையாகப் போனார்கள். ஒன்றிலே பருப்பு, ஒன்றிலே கத்தரிக்காய்ப் பால்கறி, இன்னொன்றிலே பயித்தங்காய். எந்தக் கடையில் எது என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கடையில் மாசி கலக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அவளுடைய நாக்கு லண்டன் முழுக்க அலைந்து கற்றது அது. வருகிற எல்லோருக்கும் ஆளுக்கொரு பார்சல் எடுத்தாள். பந்தி இல்லை. முதல் பந்தி, கடைசிப் பந்தி, பரிமாறுகிறவள் எதுவுமில்லை.

படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, பெட்டிகளிலிருந்து சோறும் கறியும் எடுத்து வைத்தாள். வந்தவர்கள் சுற்றி நிற்க, தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோது வாசல் மணி அடித்தது.

சஞ்சயன். இந்த முறை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் சிவயோகம் நின்றாள்.

“அவன்தான் வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தவன்” என்றாள், யாரும் கேட்காமலே. “அங்கை நான் தனியச் செய்து என்ன? படம் இஞ்சைதானே கிடக்கு.” பிறகு, பழக்க தோசத்தில், பைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். “அண்ணைக்குச் சம்பல். நானே இடிச்சது.”

போத்தல் படத்தை நோக்கிப் போனது. பாலாம்பிகை இடையில் கையை நீட்டி அதை வாங்கினாள். மூடியைத் திருகினாள். ஒரு விரலை விட்டு, எடுத்து, நாக்கில் வைத்தாள். படைக்குமுன். எல்லோர் முன்னாலும்.

“ஐயோ மச்சாள்!” என்றாள் சிவயோகம்.

கருவேப்பிலை, புளி, மாசி, ஓரத்தில் சீனி.

பாலாம்பிகை சிவயோகத்துக்கு மிகக் கிட்டே போனாள். இருவருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். (எனக்கும் கேட்டது, உங்களுக்கும் சொல்கிறேன்.)

“இதிலை மாசி கிடக்கு, அவருக்கு வேண்டாம். எனக்கு வையுங்கோ, எனக்குப் பிடிக்கும். நல்ல கடை மச்சாள். வாழைக்காயும் திறம்.”

சிவயோகம் போத்தலைப் பார்த்தாள். அவள் எதையோ சொல்லத் தொடங்கினாள், உரல் என்று வந்தது, மிச்சம் வரவில்லை.

“உங்களுக்கு ஏலாமல் போச்சு, என்ன?” என்றாள் பாலாம்பிகை. “எனக்கு ஏலும். ஆனா வேண்டாம். இரண்டும் சொல்லலாம் மச்சாள், ஒண்டும் நடக்காது.”

சஞ்சயன் கற்பூரம் கொளுத்தினான். எல்லோரும் கும்பிட்டார்கள். பாலாம்பிகை பார்சல்களை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். சிவயோகத்தின் கையிலும் ஒன்றை வைத்தாள்.

“இது உங்கடை. ஒருத்தருக்கும் விட்டுவைக்கத் தேவையில்லை.”

சிவயோகம் பார்சலோடு நிற்கிறாள். இன்னும் சூடு இருக்கிறது. சண்முகராசா அண்ணையாக இருந்தால் இப்போது இருவரையும் கட்டிப்பிடிக்கவைத்து அழவைப்பார். நான் அந்த றப்பர் பாண்டைத் தொடமாட்டேன். அவள் அதைக் கழற்றலாம். மேசையில் வைத்துவிட்டு, கிங்ஸ்பரிக்கு ரயில் பிடித்து, இன்னும் முப்பது வருடம் உரலைப் பற்றிப் பேசலாம். அது அவளுக்கும், வாசிக்கிற உங்களுக்கும் இடையிலான விசயம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போத்தல் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் உங்கள் கையில் தரமாட்டேன். பாலாம்பிகை படத்துக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டாள். பார்சலை அவிழ்த்து, போத்தலிலிருந்து ஒரு கரண்டி சம்பலை ஓரத்தில் போட்டு, பிசைகிறாள். யார் வந்தாலும் போனாலும் அவள் காத்திருக்கப் போவதில்லை.

(என் குக்கர் மறுபடி கூவுகிறது. கூவட்டும்.)